ராஜி டிகிரியில் வட்டி: கேள்வி பதில்

கேள்வி: புரோநோட்டு வழக்கு. ஆறு மாதத்தில் 4 லட்சம் தருவதாக எதிரி (பிரதிவாதி) ராஜி மனுவில், அதாவது சமரச மனுவில், கையெழுத்துப் போட்டார், அதன்படி டிகிரியும் (தீர்ப்பாணையும்) ஆனது. ஒன்றரை வருடமாகியும் பணம் வரவில்லை. கோர்ட்டில் கேட்டால் வட்டி கிடைக்குமா?

பதில்: ராஜி மனுவில் வட்டி என்ற சொல் எங்காவது இருக்கிறதா? இல்லையென்றால் கஷ்டம்தான். ராஜி டிகிரி என்பது நீங்கள் இருவரும் செய்துகொண்ட ஒப்பந்தம், அதன்மேல் கோர்ட் முத்திரை விழுந்திருக்கிறது, அவ்வளவே. எழுதாத வட்டியை நீதிபதி தானாகச் சேர்க்க முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 34(2)-ம் இதையே சொல்கிறது: டிகிரித் தேதிக்குப் பிந்தைய வட்டி பற்றி டிகிரி பேசாமல் இருந்தால், கோர்ட் மறுத்ததாகவே பொருள். அதற்கென்று தனி வழக்கும் போட முடியாது. அசலுக்கு நிறைவேற்று மனு (டிகிரிப் பணத்தை வசூலித்துத் தரக் கோரும் மனு) போடுங்கள். 12 வருடம் அவகாசம் உண்டு.

கேள்வி: ராஜியில் 12 சதவீதம் என்று எழுதினோம். 6 சதவீதத்துக்கு மேல் கூடாது என்கிறாரே எதிர்த்தரப்பு வக்கீல்?

பதில்: அந்த 6, நீதிபதி தன் விருப்பப்படி போடும், டிகிரிக்குப் பிந்தைய வட்டிக்கான வரம்பு. வணிகக் கடனில் அதுவும் தளரும். நீங்களாக ஒப்புக்கொண்ட விகிதத்துக்கு அது தடையில்லை.

கேள்வி: அப்படியானால் ராஜி மனுவில் எப்படி எழுதுவது?

பதில்: ராஜி பேசும் நாளில் எல்லாருக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம், கோட்டை விடுவது அங்கேதான். "பாக்கி 6 லட்சம் என்று எதிரி ஒப்புக்கொள்கிறார். குறித்த தேதிக்குள் 4 லட்சம் கட்டினால் முழுக் கணக்கும் தீர்ந்தது. தவறினால் 6 லட்சமும், டிகிரித் தேதியிலிருந்து 9 சதவீத வட்டியும் தர வேண்டும்" என்று எழுதலாம். இது சலுகையைத் திரும்பப் பெறுவது. மாறாக, கடனே 4 லட்சமாக இருந்து, தவறினால் 8 லட்சம் என்று எழுதினால் அபராதம் என்ற வாதம் வரும். ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74-ஐ நீட்டுவார்கள்.

கேள்வி: வட்டி விட்டுப்போனதற்கு அப்பீல் போகலாமா?

பதில்: முடியாது. ராஜி டிகிரி மீதான அப்பீலை உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 96(3) தடுக்கிறது.

கேள்வி: நான் எதிரி. ராஜிப்படி பணத்தைக் கையில் கொடுத்துவிட்டேன். இப்போது வட்டியோடு நிறைவேற்று மனு வந்திருக்கிறது!

பதில்: ரசீது வாங்கினீர்களா? கோர்ட்டுக்கு வெளியே கொடுத்ததை அதே நடைமுறைச் சட்டத்தின் ஆணை 21 விதி 2-ன்படி கோர்ட்டில் பதிவு செய்யாவிட்டால், நிறைவேற்றும் கோர்ட் கணக்கில் எடுக்காது. பதிவு செய்யக் கோர கொடுத்த நாளிலிருந்து 30 நாள்தான். நாள் மீதமிருந்தால் நாளைக்கே வக்கீலைப் பாருங்கள்.