பழைய ஹெரால்டு காரை விற்கிறேன்: வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: உடுமலைப்பேட்டைப் பக்கம் விவசாயம் செய்கிறேன். வயது 71. 1967 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று 1982 முதல் என் பெயரில் இருக்கிறது. ஆர்.சி.யைக் கடைசியாக 2007-இல் புதுப்பித்தேன். 2010-இல் அசல் எஞ்சினைக் கழற்றிவிட்டு வேறு கம்பெனி டீசல் எஞ்சின் வைத்தேன். மேல்கூரையையும் எடுத்து ஓப்பன் கார் ஆக்கினேன். அசல் எஞ்சினும் கூரையும் ஷெட்டில்தான் இருக்கின்றன. 2012-இல் ஆர்.சி. காலாவதியான பிறகு புதுப்பிக்கவில்லை, இன்சூரன்ஸும் இல்லை. தோட்டத்துக்குள் மட்டும் ஓட்டுகிறோம். பெங்களூர்க்காரர் ஒருவர் 4 லட்சத்துக்குக் கேட்கிறார். "பேப்பர் எல்லாம் கிளியர்" என்று போனில் சொல்லிவிட்டேன். அவரும் 50,000 ரூபாய் அட்வான்ஸ் கணக்கில் போட்டுவிட்டார். மீதியை ரொக்கமாகத் தருகிறாராம். 29, 30 படிவங்களில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தால் போதும், பெயர் மாற்றத்தைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? விற்ற பணத்துக்கு வருமான வரி வருமா?

பதில்: அன்புள்ள ஐயா, அந்தக் கையெழுத்தை மட்டும் போட்டுவிடாதீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அதுதான். மற்ற எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 'உரிமையாளர்' என்றால் யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவர். பணம் கைமாறியதும் சாவி கைமாறியதும் உங்களுக்கும் வாங்கியவருக்கும் நடுவில் உள்ள விஷயம். ரோட்டில் அடிபட்டவருக்கு அது பொருட்டே இல்லை. ஒரு கார் விற்கப்பட்டு, அடுத்தடுத்து பல கை மாறிப் போய், கடைசியில் விபத்தில் சிக்கிய வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. நடுவில் வாங்கியவர் யாரும் பெயர் மாற்றவில்லை. நவீன் குமார் எதிர் விஜய் குமார் என்ற அந்த வழக்கில் 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. பதிவேட்டில் பெயர் இருக்கிற முதல் ஆள்தான் இழப்பீடு தர வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் காருக்கோ இன்சூரன்ஸே கிடையாது. நாளைக்குப் பெங்களூரில் அந்தக் கார் யார் மேலாவது மோதினால் நோட்டீஸ் உடுமலைக்குத்தான் வரும், கொடுக்க வேண்டிய பணம் உங்கள் நிலத்தை விற்றுத்தான் வர வேண்டும். ஸ்டாம்ப் பேப்பரில் விற்பனைக் கடிதம் எழுதி, டெலிவரி தேதியும் நேரமும் போட்டு வாங்கி வைத்தாலும், அதைக் காட்டி வாங்கியவரிடம் பிறகு பணத்தைத் திரும்பக் கேட்கலாம், அவ்வளவுதான். அடிபட்டவருக்கு முதலில் நீங்கள் கொடுத்தாக வேண்டும்.

அதோடு, அவர் நினைத்தாலும் இப்போதைக்குப் பெயர் மாற்ற முடியாது. ஆர்.சி. செத்துக் கிடக்கிறது. வெளிமாநிலம் என்பதால் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகம் ஆட்சேபணையின்மைச் சான்று, அதாவது என்.ஓ.சி., தர வேண்டும். ஆர்.சி. உயிரோடு இல்லாமல், பழைய வண்டிகளுக்கான பசுமை வரி உள்ளிட்ட நிலுவை கட்டாமல் அது கிடைக்காது. ஆர்.சி.யைப் புதுப்பிக்க வண்டியைக் காட்ட வேண்டும். அங்கே எஞ்சின் நம்பரையும் சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) நம்பரையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பானெட்டைத் திறந்த அடுத்த நிமிடமே அது டீசல் எஞ்சின் என்று தெரிந்துவிடும்.

எஞ்சின் மாற்றம் சின்ன விஷயம் இல்லை. தயாரிப்பாளர் கொடுத்த விவரமும் ஆர்.சி.யில் இருக்கிற விவரமும் முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் கேரளத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராக உறுதி செய்தது. பழுதான எஞ்சினுக்குப் பதில் அதே வகை எஞ்சின் வைக்க ஆர்.டி.ஓ. அனுமதியோடு வழி உண்டு. வேறு கம்பெனி டீசல் எஞ்சினுக்கு அந்த வழி பொருந்தாது. 2019-இல் சேர்த்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். நீங்கள் மாற்றியது 2010-இல். பின்னால் வந்த கூடுதல் தண்டனையை முன்னால் நடந்த செயலுக்குப் போட அரசியல் சாசனத்தின் 20(1) பிரிவு இடம் தராது. ஆனால் அதே நிலையில் இன்று அதைச் சாலைக்குக் கொண்டுவந்தால் இந்த வாதம் உங்களைக் காப்பாற்றாது. வண்டி எங்கே போவதானாலும் லாரியில் ஏற்றி அனுப்புங்கள்.

அசல் எஞ்சினைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறீர்களே, அதுதான் இந்த விவகாரத்தில் உங்கள் பெரிய பலம். ஹெரால்டு நம் சென்னையிலேயே தயாரான கார். இன்றைய கார்களைப் போல் இல்லாமல் தனிச் சேஸிஸ் மேல் பாடி உட்கார்ந்திருக்கும். கூரையும் போல்ட் போட்டு மாட்டியதுதான், வெட்டாமல் கழற்றலாம், திரும்ப மாட்டலாம். அதனால் பழைய ஹெரால்டு தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிவந்து இரண்டு விஷயம் பார்க்கச் சொல்லுங்கள். ஷெட்டில் கிடக்கும் எஞ்சினில் பொறித்த நம்பரைத் துடைத்துப் பார்த்தால் அது ஆர்.சி.யில் உள்ளதுதானா? டீசல் எஞ்சினை உட்கார வைக்கச் சேஸிஸில் எங்காவது வெட்டி வெல்டிங் வைத்தார்களா, அல்லது போல்ட்டோடு முடித்தார்களா? இந்த இரண்டாவது கேள்வியின் பதிலைப் பொறுத்துத்தான் மேற்கொண்டு வழி.

வெட்டவில்லை என்றால், வின்டேஜ் பதிவு முயன்று பார்க்கத் தக்கது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 81ஏ முதல் புதிய விதிகள் வந்தன. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, வணிகத்துக்குப் பயன்படாத இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கானவை அவை. உங்கள் கார் 2017-இலேயே 50-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மாநில அரசின் குழு நேரில் பார்த்துத்தான் முடிவு சொல்லும். இன்றைய நிலையில் கொண்டுபோனால் நிச்சயம் தள்ளிவிடுவார்கள். அசல் எஞ்சினும் கூரையும் ஏறிய பிறகு கொண்டுபோனால் பேச இடமிருக்கிறது. கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். உங்கள் பழைய பதிவு எண்ணையே வைத்துக்கொள்ளலாம், இந்த மாதிரிக் காருக்கு அந்த எண்ணே விலையைக் கூட்டும். வின்டேஜ் காரை விற்கவும் தடையில்லை, விற்றவரும் வாங்கியவரும் 90 நாளுக்குள் தெரிவித்தால் போதும். ஆனால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு தவிர அன்றாடம் ஓட்ட முடியாது. பெங்களூர்க்காரருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சேஸிஸை வெட்டியிருந்தால் வின்டேஜ் கதவு மூடியது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போது சேஸிஸைச் சரிசெய்து, அசல் எஞ்சினை ஏற்றி, சாதாரணப் புதுப்பித்தலுக்கு விண்ணப்பிக்கலாம். தேறினால் ஐந்து ஆண்டுக்குக் கிடைக்கும், தாமதக் கட்டணமும் சேர்ந்து வரும். "எனக்கு இந்த டீசல் ஓப்பன் காரேதான் வேண்டும்" என்று அவர் பிடிவாதம் பிடித்தால், அதைச் சாலையில் ஓடும் வண்டியாகச் சட்டப்படி விற்க வழியில்லை. பதிவை ரத்து செய்துவிட்டுக் காட்சிப் பொருளாக விற்பதை நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். ரத்தான பதிவை மீட்பது பெரும்பாடு, ஊரில் ஹெரால்டுகளும் அதிகம் மிச்சமில்லை.

சரி, அட்வான்ஸ். "பேப்பர் கிளியர்" என்று சொன்னது தவறான தகவல். அதை நம்பி அவர் ஒப்பந்தம் செய்திருந்தால், இந்திய ஒப்பந்தச் சட்டப்படி அதை ரத்து செய்து பணத்தைத் திரும்பக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. அவர் கண்டுபிடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். இன்றே வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: ஆர்.சி. 2012-இல் காலாவதி, எஞ்சின் மாற்றியது, கூரை எடுத்தது, இன்சூரன்ஸ் இல்லை, ஆர்.சி. சரியான பிறகே கார் கைமாறும், சம்மதமில்லை என்றால் 50,000-ஐத் திருப்பித் தருகிறேன். அவர் பதிலும் எழுத்தில் இருக்கட்டும். விலகினால் பணத்தை வந்த கணக்குக்கே அனுப்பிவிடுங்கள். இருக்கிறேன் என்றால், பழுதுபார்க்கும் செலவு யாருடையது, எத்தனை மாதம் காத்திருப்பது என்று பேசி, இருவரும் கையெழுத்திட்ட ஒரு பக்கக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆர்.சி. கைக்கு வரும் வரை கார் உங்கள் ஷெட்டை விட்டு அவர் கைக்குப் போகக் கூடாது.

மீதி மூன்றரை லட்சத்தை ரொக்கமாக வாங்கவே கூடாது. ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கம் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வாங்கினால், வாங்கிய அளவுக்கே அபராதம் போட முடியும். வங்கி வழியாகவே வரட்டும்.

விற்ற பணத்துக்கு வரி என்பது நீங்கள் காரை எப்படி வைத்திருந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. சொந்த உபயோகத்துக்கான அசையும் பொருள் மூலதனச் சொத்தில் சேராது, அதை விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரியும் இல்லை. ஆனால் கார் என்பதாலேயே அது தானாகச் சொந்த உபயோகப் பொருள் ஆகிவிடாது. 1983-இல் 20,000 ரூபாய்க்கு வாங்கிய 1931 மாடல் ஃபோர்டு காரைப் பின்னர் 21 லட்சத்துக்கு விற்றவர் ஒருவருக்கு 2025-இல் மும்பை உயர் நீதிமன்றம் இந்தச் சலுகையை மறுத்துவிட்டது. காரை அவர் உண்மையிலேயே சொந்தத்துக்குப் பயன்படுத்தினார் என்பதற்கு ஆதாரம் இல்லை என்பதே காரணம். நீங்கள் வருடக்கணக்கில் குடும்பத்தோடு ஓட்டிய கார் இது. பழைய இன்சூரன்ஸ் பாலிசி, பட்டறை பில், கல்யாணம் காட்சிக்குப் போனபோது எடுத்த போட்டோ என்று எது கிடைத்தாலும் விற்பதற்கு முன்பே எடுத்து ஒரு ஃபைலில் போட்டு, அந்த ஆண்டு உங்கள் ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள்.