பிரஸ்பிட்டேரியன் சபை, கத்தோலிக்கரோடும் கோயில் கமிட்டியோடும் சேர்ந்து வெள்ள நிவாரணம் செய்யலாமா?

கேட்டவர் மலேசியாவின் ஜோகூரில், லாபிஸ் பக்கத்துத் தோட்டப் பட்டணத்துக்காரர். “உபதேசம் வேறு, கூட்டு வேலை வேண்டாம்” என்று சபை மூப்பர் ஒருவர் சொல்கிறாராம்.

தாராளமாகச் செய்யலாம். அவர் விசுவாச அறிக்கையைக் காட்டித் தடுத்தால், பிரஸ்பிட்டேரியன் சபைகளின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையில் 26-ஆம் அதிகாரத்தை விரித்து வையுங்கள். பரிசுத்தவான்களின் ஐக்கியத்தில் சரீரத் தேவைகளில் உதவுவதும் அடக்கம். இயேசுவின் நாமத்தைத் தொழுகிற எல்லாருக்கும் அது நீள வேண்டும் என்கிறது அது. கோயில்காரர்களுக்குக் கலாத்தியர் 6:10 போதும்: “யாவருக்கும்” என்றுதான் அதில் இருக்கிறது.

வித்தியாசம் இல்லை என்று நடிக்கவும் வேண்டாம். நீதிமானாக்கப்படுதல் (தேவன் பாவியை நீதிமானாக ஏற்பது) பற்றி லுத்தரனும் கத்தோலிக்கரும் 1999-இல் கூட்டறிக்கை கையெழுத்திட்டார்கள். மெதடிஸ்டுகள் 2006-இலும், பிரஸ்பிட்டேரியன்களும் அடங்கிய சீர்திருத்த சபைகளின் உலக ஐக்கியம் 2017-இலும் அதில் சேர்ந்தன. ஆனால் திருவிருந்தை இன்னும் கத்தோலிக்கரோடு பகிர முடியாது. அதனால் நிவாரணக் கூட்டத்தில் திருவிருந்துப் பேச்சை எடுக்காதீர்கள், கூட்டு ஆராதனையும் வைக்காதீர்கள். ஒரு சிறு ஜெபம், பிறகு வேலைப் பட்டியல்.

முடிவு போதகருடையது மட்டுமல்ல, செஷனுடையது (போதகரும் மூப்பர்களும் கூடும் சபை மன்றம்). மண்டபச் சாவி யாரிடம், யார் பேசுவது, பணம் எப்படி என்ற மூன்றையும் மினிட்ஸில் எழுதுங்கள். பணத்தை ஒரே கணக்கில் சேர்த்தால் பிறகு சண்டை நிச்சயம். ஒரு சபை வாளி, ஒரு சபை பூட்ஸ் என்று பொருளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். மலாய்க் குடும்பங்களுக்கு ஹலால் முத்திரையோடு பிரிக்காத பாக்கெட், அதுவும் பிபிஎஸ்-இல் (தற்காலிக நிவாரண மையம்) உள்ள சமூகநல அதிகாரி வழியாக. கோயிலில் சமைத்தால் படையலுக்கு வைக்காத தனி அண்டா கேளுங்கள். படைத்ததை நம் ஆட்களிலேயே சிலர் தொடமாட்டார்கள், அப்போஸ்தலர் பவுல் காலத்துப் பிரச்சனைதான். துண்டுப்பிரதி, வசனம் போட்ட சட்டை இரண்டும் வேண்டாம். முஸ்லிம்களிடையே பிற மதப் பிரச்சாரத்தைக் கட்டுப்படுத்த மலேசிய அரசியலமைப்பின் 11(4)-ஆம் பிரிவு இடம் தருகிறது. உதவியும் தூண்டில் போலத் தெரியும்.

இனி சேறு. வீட்டுக்கு ஐந்தாறு பேர். மெயின் சுவிட்சை யாரும் தொடக்கூடாது, வயர்மேன் பார்த்தபிறகே கரண்ட். ஜெனரேட்டர் வெளியில்தான், புகை ஆளைக் கொல்லும். முதலில் வாசல் லோங்காங்கை (சாக்கடைக் கால்வாய்) தோண்டுங்கள். அது அடைத்திருந்தால் தள்ளிய சேறெல்லாம் திரும்ப உள்ளே வரும். பிறகு பின்னறையிலிருந்து வாசலை நோக்கி, ஈரம் காயும்முன் வழித்தெடுங்கள், காய்ந்தால் சிமெண்டுதான். பழைய லயத்துப் பலகைச் சுவரில் கீழ்ப்பலகையைக் கழற்றிக் காயவிடாவிட்டால் பூஞ்சை வரும். மெத்தையைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். போட்டோ எடுத்துவிட்டு வெளியே போடுங்கள்.

சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியபிறகுதான் குளோராக்ஸ் (ப்ளீச்): 20 லிட்டர் வாளிக்கு ஒரு கப், 240 மில்லி. சேற்றின் மேலேயே ஊற்றினால் அழுக்கு அதன் வேகத்தைத் தின்றுவிடும். கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். டாய்லெட் கழுவும் அமிலத்தோடு கலந்தால் விஷவாயு.

ரப்பர் பூட்ஸ், கையுறை கட்டாயம். காலில் புண் உள்ளவர் பாக்கெட் கட்டும் வேலைக்குப் போகட்டும். எலிக்காய்ச்சல் 2 முதல் 30 நாளுக்குள் காட்டும். காய்ச்சல் வந்தால் வெள்ளச் சேற்றில் இறங்கியதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லச் சொல்லுங்கள்.