அடிக்குறிப்பு போட்டும் ஏன் மாட்டிக்கொள்கிறார்கள்?

சட்டம் படிக்கும் மாணவர்கள் ஆய்வுக் கட்டுரை பற்றி அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

கேள்வி: தலைப்பு கொடுத்ததும் இணையத்தில் தேடுகிறேன். நூற்றுக்கணக்கில் தீர்ப்புகள் வந்து குவிகின்றன. எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது?

உங்களிடம் இருப்பது தலைப்பு மட்டும்தான், இன்னும் கேள்வி இல்லை. ‘கவனக்குறைவு’ என்று தேடினால் கடலே வரும். ‘கடைக்காரரிடம் வாங்கிய பானத்தால் நோயுற்றவர், தனக்கும் தயாரிப்பாளருக்கும் ஒப்பந்தம் இல்லாதபோது தயாரிப்பாளர்மீது வழக்குப் போட முடியுமா?’ என்று ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். தேட வேண்டிய சொற்கள் அதிலேயே கிடைத்துவிடும். ஒவ்வொரு சொல்லுக்கும் மாற்றுச் சொற்களையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நீதிபதி ‘தயாரிப்பாளர்’ என்பதை இன்னொருவர் ‘உற்பத்தியாளர்’ என்பார்.

முதலில் ஒரு நல்ல பாடநூலில் அந்த அத்தியாயம். பிறகு சட்டப் பிரிவு, திருத்தங்களோடும் அமலுக்கு வந்த தேதியோடும். தீர்ப்புகள் அதற்கும் பிறகுதான். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். அதனால்தான் நூறு தீர்ப்புகளில் எது முக்கியம் என்று தெரியாமல் திணறுகிறார்கள். எந்தத் தேதியில், எந்தத் தளத்தில், எந்தச் சொல்லைப் போட்டுத் தேடினீர்கள், என்ன கிடைத்தது என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். பாடநூல், தரவுத்தளம், ஒரு புதிய தீர்ப்பு மேற்கோள் காட்டும் பழைய தீர்ப்புகள் என மூன்று வழியில் போனாலும் அதே பெயர்களே திரும்பத் திரும்ப வந்தால் தேடலை நிறுத்தலாம்.

கேள்வி: தீர்ப்பு முழுவதையும் படிக்க வேண்டுமா? ஹெட்நோட் போதாதா?

ஹெட்நோட், அதாவது தொகுப்பில் தீர்ப்புக்கு முன்னால் வரும் சுருக்கம், நீதிபதி எழுதியதல்ல, தொகுப்பாசிரியர் எழுதியது. இந்தத் தீர்ப்பு உங்களுக்கு வேண்டுமா என்று முடிவு செய்ய மட்டும் அது உதவும். 1932இல் வந்த டோனோஹியூ எதிர் ஸ்டீவன்சன் தீர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தான் குடித்த பானத்தின் பாட்டிலில் செத்த நத்தை இருந்தது, அதனால் நோயுற்றேன் என்று ஒரு பெண் தயாரிப்பாளர்மீது போட்ட பிரிட்டிஷ் வழக்கு அது. ‘பாட்டிலில் நத்தை இருந்ததை நீதிமன்றம் உறுதி செய்தது’ என்று எழுதும் மாணவர்கள் உண்டு. அப்படி ஒன்று நடக்கவே இல்லை. சொல்லப்பட்டவை உண்மை என்று வைத்துக்கொண்டால் வழக்குக்குச் சட்டத்தில் இடம் உண்டா என்பது மட்டுமே, அன்று பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் அவையின் முன் இருந்தது. 3–2 என்று பிரிந்து ‘உண்டு’ என்றார்கள். நத்தை கடைசிவரை நிரூபிக்கப்படவில்லை.

அதே தீர்ப்பில் மாறுபட்ட இருவரின் வாசகத்தை எடுத்து ‘நீதிமன்றம் கூறியது’ என்று போடுவது இன்னொரு தவறு. மேற்கோள் எடுக்கும்போதே யார் எழுதியது, பெரும்பான்மையா மாறுபட்ட தீர்ப்பா, எந்தப் பத்தி என்ற மூன்றையும் குறித்துவிடுங்கள்.

தீர்ப்பு இன்றும் உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், தடுப்புக்காவலில் வைக்கப்பட்டவர் விடுதலை கேட்டு நீதிமன்றத்துக்கு வர முடியாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் ஏ.டி.எம். ஜபல்பூர் வழக்கில் 4–1 என்று தீர்ப்பளித்தது. தனித்து நின்றவர் நீதிபதி எச்.ஆர். கன்னா. 2017இல், அந்தரங்க உரிமை பற்றிய புட்டசுவாமி வழக்கில், ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை நிராகரித்தது. (1976இன் பெரும்பான்மையில் தந்தை ஒய்.வி. சந்திரசூட், 2017இல் அதைத் தவறென்று எழுதியவர் மகன் டி.ஒய். சந்திரசூட்.) பெரும்பான்மை வாசகத்தை இன்றைய சட்டம் என்று எழுதினால் கட்டுரை அங்கேயே கவிழ்ந்துவிடும்.

கேள்வி: எடுத்த இடத்தை அடிக்குறிப்பில் தெளிவாகக் காட்டினேன். ஆனாலும் ‘காப்பி’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏன்?

அடிக்குறிப்பு, கருத்து யாருடையது என்று சொல்லும். வாக்கியம் யாருடையது என்று சொல்வது மேற்கோள்குறி. இரண்டும் வேறு. கவனக் கடமை, அதாவது அடுத்தவருக்குத் தீங்கு வராமல் கவனமாக நடக்கும் கடமை, பற்றி ஒரு நூலில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

‘கவனக் கடமை உறவால் வருவதில்லை, தன் செயல் அடுத்தவரைப் பாதிக்கும் என்று ஒருவர் முன்கூட்டியே அறியக்கூடிய நிலையால் வருகிறது.’

மாணவர் எழுதுவது: ‘கவனக் கடமை தொடர்பால் உண்டாவதில்லை, தன் நடவடிக்கை பிறரைப் பாதிக்கும் என ஒருவர் முன்னரே உணரக்கூடிய சூழலால் உண்டாகிறது.’

சட்டை மாறியிருக்கிறது, ஆள் அதே ஆள். அடிக்குறிப்பு இருந்தாலும் இது காப்பிதான். இப்படி எழுதலாம்: ‘தீங்கை முன்பே ஊகித்திருக்க முடியுமா என்பதே ஆசிரியரின் அளவுகோல்; இருவருக்கும் முன்பின் பழக்கம் உண்டா என்பதை அவர் பொருட்படுத்துவதில்லை.’ இதற்கும் அடிக்குறிப்பு வேண்டும்.

பெரும்பாலும் இந்தத் தவறு எழுதும்போது நடப்பதில்லை, குறிப்பு எடுக்கும்போதே நடந்துவிடுகிறது. நகலெடுத்து ஒட்டிய வரி மூன்று வாரம் கழித்து உங்கள் சொந்த வரி போலவே தெரியும். அதனால் ஒவ்வொரு குறிப்பின் முன்னும் ஓர் எழுத்துப் போடுங்கள்: ‘மே’ என்றால் மேற்கோள், ‘சு’ என்றால் சுருக்கம், ‘எ’ என்றால் என் எண்ணம். பக்க எண்ணை அப்போதே எழுதுங்கள். சுருக்கம் எழுதும்போது புத்தகத்தை மூடிவிட்டு எழுதி, பிறகு திறந்து ஒப்பிடுங்கள்.

ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கித் தன்னுடையதாகப் போடுவதும் திருட்டுதான். காப்பியைக் கண்டுபிடிக்கும் மென்பொருளுக்கு அது பிடிபடாமல் போகலாம். படிக்கும் ஆசிரியருக்குப் பிடிபடும். அதுபோல, பிறர் கட்டுரையின் அடிக்குறிப்புகளை அப்படியே தூக்கிப் போட்டால் அவர் செய்த பிழைகளும் கூடவே வரும். மூலத்தைத் திறக்கவில்லையா? ‘இன்னார் நூலில் காட்டப்பட்டது’ என்று போடுங்கள், அதில் அவமானம் ஒன்றுமில்லை. மென்பொருள் காட்டும் சதவீதத்தைப் பார்த்து மட்டும் பயப்பட வேண்டாம். சட்டப் பிரிவை வார்த்தைக்கு வார்த்தை எழுதினாலும் அந்தச் சதவீதம் ஏறத்தான் செய்யும்.

கேள்வி: சாட்ஜிபிடியிடம் முன்தீர்ப்புகள் கேட்கலாமா?

தேடுசொற்கள் கேளுங்கள். அது தரும் தீர்ப்பின் பெயரை, தீர்ப்புத் தொகுப்பிலோ நீதிமன்றத் தளத்திலோ நீங்களே திறந்து படிக்கும்வரை, இல்லாத தீர்ப்பாகவே வைத்துக்கொள்ளுங்கள். 2023இல் நியூயார்க்கில் மாட்டா எதிர் அவியாங்கா வழக்கில், சாட்ஜிபிடி கற்பனையாகச் சொன்ன தீர்ப்புகள் மனுவிலேயே இடம்பெற்றன. அவை உண்மைதானா என்று வழக்கறிஞர் அதனிடமே கேட்டிருக்கிறார், உண்மை என்றது! 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. பெயர், ஆண்டு, தொகுதி, பக்கம் எல்லாம் அசல் போலவே இருப்பதுதான் இதில் ஆபத்து.

கேள்வி: நண்பர்களோடு சேர்ந்து அசைன்மென்ட் செய்யலாமா?

தனியாகச் செய்யச் சொல்லவில்லை என்றால் விவாதிக்கலாம். எழுதுவது தனித்தனியே. எழுதி முடித்த கோப்பை ‘சும்மா பார்க்க’ யாருக்கும் அனுப்பாதீர்கள். இரண்டு கட்டுரைகள் ஒன்றாக இருந்தால் கொடுத்தவரையும்தான் கூப்பிட்டு விசாரிப்பார்கள். தேதியிட்ட குறிப்புகளும் பழைய வரைவுகளும் கையில் இருந்தால் அப்போது உதவும்.