பிஎல்டிசி ஃபேன்: எந்த அறைக்கு வாங்கலாம்?

கேள்வி: எங்கள் வீட்டுப் பழைய சீலிங் ஃபேன் 75 வாட். கடையில் 28 வாட் பிஎல்டிசி ஃபேனைக் காட்டி, அதே காற்று வரும் என்கிறார்கள். நம்பலாமா? மோட்டாரில் அப்படி என்ன மாற்றிவிட்டார்கள்?

பதில்: நம்பலாம், ஆனால் பெட்டியைப் படித்துவிட்டு நம்புங்கள். முதலில் மோட்டாரைப் பார்ப்போம்.

உங்கள் பழைய ஃபேனின் நடுவே காயில் சுற்றிய பகுதி அசையாமல் நிற்கிறது. வெளி ஓடுதான் இறக்கைகளோடு சுழல்கிறது. அந்த ஓட்டுக்குள் காந்தம் கிடையாது. இரும்புத் தகடுகளும் அவற்றுக்கிடையே வார்த்த அலுமினியமும்தான் இருக்கின்றன. காயிலில் ஓடும் மின்சாரம் அலுமினியத்தில் இன்னொரு மின்னோட்டத்தைத் தூண்டிவிட்டு, அதன் வழியாகத்தான் ஓட்டைக் காந்தமாக்கி இழுக்கிறது. இப்படித் தூண்டப்பட்ட மின்னோட்டத்தில் கணிசமான பங்கு வெறும் வெப்பமாகிவிடுகிறது. இரண்டு மணி நேரம் ஓடிய ஃபேனை நிறுத்தி, மோட்டார் ஓட்டைத் தொட்டால் சுடும். காற்றாக வந்திருக்க வேண்டிய காசு அது.

பிஎல்டிசியில் வெளி ஓட்டின் உட்புறம் நெடுகிலும் நிரந்தரக் காந்தங்களைப் பதித்துவிட்டார்கள். ஓட்டைக் காந்தமாக்க மின்சாரம் செலவழிக்க வேண்டியதில்லை. உள்ளே ஒரு சிறிய எலக்ட்ரானிக் போர்டு, வீட்டின் 230 வோல்ட் ஏசியை டிசியாக மாற்றி, காந்தம் எந்த நிலையில் நிற்கிறது என்று பார்த்துப் பார்த்து, அதற்கேற்ப எந்தக் காயிலுக்கு மின்சாரம் போக வேண்டும் என்று முடிவு செய்கிறது. பொம்மைக் காரின் மோட்டாரில் இதே வேலையைத் தேய்ந்துபோகும் பிரஷ் செய்யும். இங்கே பிரஷ் இல்லை. அதனால்தான் ‘பிரஷ்லெஸ் டிசி’ என்று பெயர். (டிசி என்றதும் பேட்டரியில் நேரடியாக மாட்டிவிடாதீர்கள். சாதாரணமாகக் கடையில் கிடைப்பவை வீட்டு ஏசி மின்சாரத்துக்கானவை.)

இது நேற்று வந்த சரக்கும் அல்ல. கோயம்புத்தூரின் வெர்சா டிரைவ்ஸ் நிறுவனம் 35 வாட் ‘சூப்பர்ஃபேனை’ 2012-லேயே விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இனி பெட்டிக்கு வாருங்கள். வாட்டை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். குறைவாகக் காற்றைத் தள்ளினால் எந்த ஃபேனும் குறைவாகத்தான் மின்சாரம் இழுக்கும். நிமிடத்துக்கு எத்தனை கனமீட்டர் காற்று என்று போட்டிருப்பார்கள். 1200 மி.மீ. ஃபேனுக்கு 210-க்குக் கீழே இருந்தால் வேண்டாம். அந்த எண்ணை வாட்டால் வகுத்தால் குட்டு வெளிப்படும்: 220-ஐ 28-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 7.9, 75-ஆல் வகுத்தால் 2.9 மட்டுமே. நட்சத்திர முத்திரையும் இந்தக் கணக்கை வைத்துத்தான் தரப்படுகிறது. 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு அது கட்டாயம்.

கேள்வி: விலை இரு மடங்காக இருக்கிறதே, போட்ட பணம் திரும்புமா?

பதில்: எந்த அறையில் மாட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஃபேன் ஒன்றுக்கு 45 வாட் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். தினமும் 12 மணி நேரம் ஓடும் படுக்கையறையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 197 யூனிட் மிச்சமாகும். யூனிட் 5 ரூபாய் என்றால் 985 ரூபாய். கூடுதல் விலை 1,500 ரூபாயாக இருந்தால் ஒன்றரை ஆண்டில் திரும்பிவிடும். விருந்தினர் வந்தால் மட்டும் ஓடும் அறைக்கு இதே ஃபேனை வாங்கினால், பணம் திரும்புவதற்குள் ஃபேனே பழசாகிவிடும்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இன்னொரு கணக்கு. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டுக்குள் அடங்கும் வீடு என்றால், உங்களுக்கு மின்சாரம் ஏற்கெனவே இலவசம். பில்லில் மிச்சம் பூஜ்யம். 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீடு என்றால் கதையே வேறு. அந்தக் கோட்டைத் தாண்டினால், முதல் சில நூறு யூனிட்டுகளுக்கான கீழ்ப்படிகளில் கிடைக்கும் சலுகையும் குறைகிறது. அங்கே தினமும் 12 மணி நேரம் ஓடும் இரண்டு ஃபேன்களை மாற்றினாலே இரண்டு மாதத்தில் 65 யூனிட் இறங்கும்.

கேள்வி: சுவரில் ரெகுலேட்டர் இருக்கிறது. அதிலேயே இணைக்கலாமா? எலக்ட்ரீஷியன் ‘ஒன்றும் ஆகாது’ என்கிறார்.

பதில்: அவருக்கு ஒன்றும் ஆகாது, போர்டுக்கு ஆகும். சாதாரண ரெகுலேட்டர், ஃபேனுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைத்தோ நறுக்கியோ வேகத்தைக் குறைக்கிறது. பிஎல்டிசி போர்டுக்கு அப்படி வரும் மின்சாரம் ஒத்துக்கொள்ளாது. ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு ஸ்விட்சிலிருந்து நேராக இணைக்கச் சொல்லுங்கள். வேகத்தை ரிமோட்டில் மாற்றிக்கொள்ளலாம். வேகம் பாதியானால் காற்றைத் தள்ளத் தேவையான ஆற்றல் எட்டில் ஒரு பங்காகிவிடும் என்பது விசிறிகளுக்குப் பொதுவான இயற்பியல். பிஎல்டிசி அதற்குக் கிட்டத்தட்ட இணங்கி நடப்பதால், குறைந்த வேகத்தில் பத்து வாட்டுக்கும் கீழே இறங்கும். மின்வெட்டு நேரத்தில் இன்வெர்ட்டர் பேட்டரி தாக்குப்பிடிப்பதற்கு இது பெரிய உதவி.

கேள்வி: பழுதானால்?

பதில்: நீங்கள் கேட்டிருப்பதுதான் வாங்குவதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி. பழைய ஃபேன் மெதுவாகச் சுற்றினால் தெருமுனைக் கடையில் ஒரு கண்டென்சர் வாங்கி மாட்டினால் முடிந்தது கதை. பிஎல்டிசியில் காந்தமோ காயிலோ அவ்வளவு சீக்கிரம் போகாது. இடி மின்னலிலும் மின்னழுத்தம் எகிறும்போதும் போவது போர்டுதான். அதை நுணுக்கமாகப் பழுது பார்ப்பவர்கள் குறைவு. பெரும்பாலும் போர்டையே மாற்றுவார்கள். என் வீட்டில் ஒரு ஃபேன் மூன்றாவது மழைக்காலத்தில் நின்றுபோனது. உத்தரவாதம் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. போர்டு வந்து சேர இருபது நாள் ஆனது. அதுவரை ஹாலில் டேபிள் ஃபேன்தான்.

ஆகவே கடையில் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள்: உத்தரவாதம் மோட்டாருக்கு மட்டுமா, போர்டுக்கும் சேர்த்தா? மாற்றுப் போர்டு உங்கள் ஊரில் கிடைக்குமா, என்ன விலை? இரண்டுக்கும் பதில் வராத கடையில், தள்ளுபடி எவ்வளவு என்றாலும் நான் வாங்க மாட்டேன்.

கேள்வி: ரிமோட் தொலைந்துவிட்டது. ஃபேன் ஒரே வேகத்தில் சுற்றுகிறது.

பதில்: சில மாடல்களில் சுவர் ஸ்விட்சை அடுத்தடுத்து அணைத்துப் போட்டால் வேகம் மாறும், உங்கள் கையேட்டில் பாருங்கள். இல்லையென்றால் அதே மாடலுக்கான ரிமோட்டைத் தனியாக வாங்குங்கள். அதற்கு முன்னால் சோஃபா மெத்தைக்கு அடியில் ஒருமுறை கைவிட்டுத் தேடுங்கள்.