வெப்சைட் அப்புறம், முதலில் சாவிக்கொத்து

கேள்வி: வணக்கம் சார். கடலூரில் ஒரு கலைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் ரத்த தானக் குழுவுக்கு இந்த ஆண்டு நான்தான் செயலாளர். அறுபது பேர் இருக்கிறோம்; மழை, வெள்ளம் என்றால் உதவிக்கும் போவோம். சீனியர்கள் போட்ட வெப்சைட் இப்போது திறப்பதில்லை. இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டு, போன வருடம் படிப்பை முடித்து ஸ்ரீபெரும்புதூரில் வேலைக்குப் போன ஓர் அண்ணனிடம் இருக்கிறது. கேட்கச் சங்கடமாக இருக்கிறது. கூகுளில் தேடினால் நாங்கள் வருவதே இல்லை. புது வெப்சைட்டுக்கு ஒருவர் 18,000 ரூபாய் கேட்கிறார். கையில் 6,000 இருக்கிறது. மீதியை வசூல் செய்து கொடுத்துவிடலாமா? எங்களில் பலருக்குப் போன் தவிர வேறு பழக்கம் இல்லை.

பதில்: வசூல் வேண்டாம். அந்த 6,000-ஐயும் இப்போதைக்குத் தொடாதீர்கள்.

பழைய வெப்சைட் ஏன் செத்தது என்று விசாரித்தீர்களா? நான் பார்த்தவரை கதை எப்போதும் ஒன்றுதான். ஆர்வமுள்ள ஒரு மாணவர் தன் சொந்த மெயிலில் டொமைன், அதாவது வெப்சைட்டின் முகவரிப் பெயர், வாங்குவார். மூன்றாம் ஆண்டு முடிந்து போய்விடுவார். புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல்கள் அவர் மெயிலுக்கே வந்துகொண்டிருக்கும். கெடு முடிந்த பிறகும் சில வாரம் அவகாசம் உண்டு. அதையும் விட்டுவிட்டால் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். புதுச்சேரியில் நான் உதவிய ஒரு மாணவர் மன்றத்துக்கு இப்படித்தான் ஆனது. ஆண்டு விழா அழைப்பிதழில் அச்சடித்த முகவரியைத் தட்டினால் ரம்மி விளையாட்டு திறந்தது. சிறப்பு விருந்தினர்தான் முதலில் பார்த்தார். தேதியைக் குறித்து வைக்காததில் என் பங்கும் இருந்தது.

18,000 கொடுத்து நீங்கள் கட்டினாலும் இரண்டு வருடத்தில் இதே கதிதான், சாவிக்கொத்து யார் கையில் என்று முடிவாகாதவரை. ஆகவே முதல் வேலை, குழுவின் பெயரில் ஒரு ஜிமெயில். செயலாளர் பெயரில் வேண்டாம், பதவிக்காலத்து வருடத்தையும் பெயரில் சேர்க்க வேண்டாம். மீட்பு எண்ணாகப் பொறுப்பாசிரியரின் எண்ணைக் கொடுங்கள், மாணவர்கள் வருவார்கள், போவார்கள். பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கினால், போன் தொலைந்தால் பயன்படுத்த எட்டு இலக்கத்தில் 10 எண்களைக் கூகுள் தரும். அதை அச்செடுத்து உறையில் போட்டுத் துறை பீரோவில் வையுங்கள். பாஸ்வேர்டு இரண்டு மாணவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும். இருவரும் ஒரே வகுப்பாக இருக்கக் கூடாது. ஒருவர் மூன்றாம் ஆண்டு என்றால் மற்றவர் இரண்டாம் ஆண்டு. தொடர்ந்து இரண்டு ஆண்டு யாரும் நுழையாத தனிநபர் கணக்கைக் கூகுள் உள்ளே இருப்பதோடு சேர்த்து அழித்துவிடலாம். அந்த விதி 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது.

கல்லூரி கொடுத்த மெயிலில் குழுவின் ஃபார்ம்களை உருவாக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். படிப்பு முடிந்ததும் பல கல்லூரிகள் அந்த மெயிலை மூடிவிடும். பட்டியலும் அதோடு போகும்.

பட்டியல் என்றதும் நினைவு வந்தது. கொடையாளர் விவரங்களை கூகுள் ஃபார்மில் வாங்குகிறீர்களா? அப்படியானால் இரண்டு இடத்தைத் திறந்து பாருங்கள். ஒன்று, ஃபார்ம் அமைப்பில் ‘முடிவுகளின் சுருக்கத்தைக் காட்டு’ என்ற பொத்தான். அது ஆனில் இருந்தால் ஃபார்மை நிரப்பிய ஒவ்வொருவரும் மற்றவர்கள் எழுதியதைப் பார்க்கலாம். இன்னொன்று, பதில்கள் போய்ச் சேரும் ஷீட். ‘இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்’ என்று விட்டிருந்தால், உங்கள் குழுப் பெண்களின் போன் எண்கள் வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றிக்கொண்டிருக்கலாம். கொடையாளர் பட்டியலைப் பொதுவில் போடவே கூடாது. நேரங்கெட்ட நேரத்தில் அழைப்பு வரும். கொடையாளர் என்று சொல்லி நோயாளியின் வீட்டாரிடம் பணம் பறிப்பவர்களும் இருக்கிறார்கள். தேவைப்படுபவர் உங்களை அழைக்கட்டும், நீங்கள் கொடையாளரை அழையுங்கள். சேகரித்த விவரத்தைக் காப்பது சேகரித்தவர் பொறுப்பு என்றுதான் 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது.

இந்த ஷீட்டையே உங்கள் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். தனியாக ஒர்க்‌ஷாப், புரொஜெக்டர், பொன்னாடை எதுவும் வேண்டாம். லேபில் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கி, ‘ஓ பாசிட்டிவ்’ கொடையாளர்களை மட்டும் பிரித்தெடுக்கச் சொல்லுங்கள். கைக்கு வராது. ஏனென்றால் ஒருவர் ‘ஓ பாசிட்டிவ்’ என்று தமிழில் எழுதியிருப்பார், ஒருவர் ஆங்கிலத்தில் ஓ எழுத்தும் கூட்டல் குறியும் போட்டிருப்பார், இன்னொருவர் ஓ எழுத்துக்குப் பதில் பூஜ்யத்தைத் தட்டியிருப்பார். கண்ணுக்கு எல்லாம் ஒன்று. கம்ப்யூட்டருக்கு எல்லாம் வேறு வேறு. தட்டச்சு செய்ய விடாமல் எட்டு வகையையும் கீழிறங்கு பட்டியலாகக் கொடுக்க வேண்டும் என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். அப்புறம் ‘கடைசியாக எப்போது கொடுத்தீர்கள்’ என்று தேதிக்கு ஒரு கட்டம் சேருங்கள். ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வேண்டுமே, இன்று யாரை அழைக்கலாம் என்று ஷீட்டே வடிகட்டித் தரும். மூன்றாவது வாரத்தில் யாரும் உங்களிடம் பழக்கம் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். இதற்கு மேல் ஆர்வம் வந்தால் கட்டற்ற மென்பொருள் ஆட்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள்: புதுச்சேரியில் எஃப்.எஸ்.ஹெச்.எம். (கட்டற்ற மென்பொருள், வன்பொருள் இயக்கம்), விழுப்புரத்தில் வி.ஜி.எல்.யு.ஜி. (லினக்ஸ் பயனர் குழு). மாணவர் குழு என்று போய்க் கேளுங்கள்.

சரி, கூகுளில் ஏன் வருவதில்லை? உங்கள் குழுவைப் பற்றி எழுத்தாக எங்கேயும் எதுவும் இல்லாததுதான் காரணமாக இருக்கும். முகாம் அறிவிப்பு, தேதி, இடம், தொடர்பு எண் எல்லாமே போஸ்டர் படத்துக்குள் இருக்கும். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி நம்பி எடுக்காது. பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பானும் ‘படம்’ என்று சொல்லிவிட்டு நகரும். போஸ்டர் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே செய்தியைக் கீழே நான்கு வரி எழுத்தாகவும் போடுங்கள்.

அந்த நான்கு வரியை அச்சகத்திலிருந்து வாங்கி அப்படியே ஒட்டிவிடக் கூடாது. நம் பக்கத்து டிடிபி கடைகளில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஓடுகின்றன. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். கடைக்காரர் திரையில் தமிழாகத் தெரியும், உங்கள் பக்கத்தில் குப்பையாகத் தெரியும். எந்தத் திரையிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடு முறைக்கு மாற்ற என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் உண்டு. அதைவிட, போனில் கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டில் பேசியே தட்டச்சு செய்துவிடலாம். பிழை திருத்த மட்டும் ஒருவர் உட்காரட்டும்.

இந்த எழுத்தெல்லாம் வைக்க ஒரே ஒரு பக்கம் போதும். கூகுள் சைட்ஸ் இலவசம். போனில் கட்டுவது தொல்லை, லேபில் ஒரு மதியம் போதும். குழுவின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள், மக்கள் இரண்டிலும் தேடுகிறார்கள். ‘கடலூர்’ என்ற ஊர்ப்பெயர் தலைப்பிலேயே வரட்டும். அழைத்தால் போனை எடுக்கும் பழக்கமுள்ள ஒருவரின் எண்ணைக் கொடுங்கள். எந்த ரத்த வங்கியில் என்ன இருப்பு என்று நீங்கள் எழுத வேண்டியதில்லை. மத்திய அரசின் இ-ரக்தகோஷ் தளத்துக்கு ஓர் இணைப்பு கொடுத்தால் போதும். ஒரு வருடம் இந்தப் பக்கம் உயிரோடு இருந்தால், அந்த 6,000-இல் கொஞ்சம் எடுத்து டொமைன் வாங்குங்கள், குழுவின் ஜிமெயிலில்.

வெள்ளக் கால உதவி என்றீர்கள், அதற்காக ஒன்று. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததே, அப்போது பரவிய ‘இங்கே உணவு கிடைக்கும்’, ‘அவசரமாக ரத்தம் தேவை’ செய்திகளில் தேதி போட்டவை எத்தனை? தேதியில்லாத செய்தி ஓய்வதே இல்லை. தண்ணீர் வடிந்து, நோயாளி வீடு திரும்பிய பிறகும் யாரோ ஒருவர் பதறிக்கொண்டு அழைப்பார். முதல் வரியில் நாளும் நேரமும், கடைசி வரியில் ‘இது இத்தனை மணி வரை’. தேவை தீர்ந்ததும் அதே குழுக்களில் ‘கிடைத்துவிட்டது’ என்று ஒரு செய்தி.

இனி அந்த அண்ணன் விஷயம். பாஸ்வேர்டு கேட்காதீர்கள், அதுதான் சங்கடம். பலர் ஒரே பாஸ்வேர்டைத்தான் எல்லாவற்றுக்கும் வைத்திருப்பார்கள், தர யோசிப்பார்கள். ‘அண்ணா, மெயிலை மட்டும் மாற்றிக் கொடுங்கள்’ என்று கேளுங்கள். இன்ஸ்டாகிராம் அமைப்பில் அக்கவுண்ட்ஸ் சென்டருக்குள் போய், தனிப்பட்ட விவரங்களில் குழுவின் ஜிமெயிலை அவர் சேர்க்க வேண்டும். உறுதிப்படுத்தும் குறியீடு உங்கள் பக்கம் வரும், அதைப் போனிலேயே அவருக்குச் சொல்லுங்கள். பிறகு அவர் தன் மெயிலையும் எண்ணையும் நீக்கி, இரட்டைச் சரிபார்ப்பு இருந்தால் அணைத்துவிடட்டும். அப்புறம் ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ என்று நீங்கள் புதியது போட்டு, சரிபார்ப்பை உங்கள் பக்கத்தில் மறுபடி இயக்கி, மற்ற கருவிகளிலிருந்து வெளியேற்றிவிடலாம். இருவரும் ஒரே நேரத்தில் போனில் இருந்தால் கால் மணி நேர வேலை. அவருக்கு இந்த வாரம் நைட் ஷிஃப்டா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.