சுவரோடு மடங்கும் கட்டில்: வாசகர் கேள்வி பதில்

இடம் குறைந்த வீடுகளுக்கான மரச்சாமான்களைப் பற்றிய ஐயங்களை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அலமாரிக்குள் மடங்கிப் போகும் கட்டிலைப் பற்றியே இருந்ததால், இம்முறை அதற்கே கூடுதல் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ரங்கூன் தாமுவேயில் நான்காம் மாடியில், 12½ அடி அகலமும் 50 அடி நீளமும் கொண்ட, தடுப்புச் சுவரில்லாத ஹால் வகை வீட்டில் குடியிருக்கிறோம். முன்கூடத்தில் பகல் முழுவதும் என் மனைவி தையல் வகுப்பு நடத்துகிறார்; இரவில் நாங்கள் இருவரும் அங்கேயே படுக்க வேண்டியிருக்கிறது. அலமாரிக்குள் நிமிர்ந்து நின்றுகொள்ளும் இரட்டைக் கட்டில் செய்துகொள்ளலாமா? (வாசகர், தாமுவே)

பதில்: செய்துகொள்ளலாம். ஆனால் அலமாரியின் அளவைக் கேட்பதற்கு முன்னால், கட்டில் இறங்கி வரும் தரையை அளந்து பாருங்கள். நாலரை அடி அகலமும் ஆறரை அடி நீளமும் உள்ள மெத்தைக்கு, சுமார் ஒன்றரை அடி ஆழமுள்ள அலமாரி தேவைப்படும். கட்டிலை இறக்கியபின் அது சுவரிலிருந்து ஏறத்தாழ ஏழு அடிவரை நீளும். உங்கள் வீட்டின் நெடுஞ்சுவரில் இதை நிறுத்தினால், எதிர்ச் சுவருக்கும் கட்டிலின் கால்மாட்டுக்கும் இடையில் ஐந்தரை அடியே எஞ்சும். இரவில் எழுந்து நடமாட அது போதும். தையல் இயந்திரங்களும் வெட்டு மேசையும் அந்த ஐந்தரை அடிக்குள் நிரந்தரமாக நிற்குமா என்பதுதான் கேள்வி. ஒவ்வோர் இரவும் இயந்திரத்தை நகர்த்தினால்தான் கட்டிலை இறக்க முடியும் என்ற நிலை இருந்தால், சில வாரங்களில் அலுத்துப்போய்க் கட்டிலை விரித்தபடியே விட்டுவிடுவீர்கள். அதற்குச் சாதாரணக் கட்டிலே மேல், விலையும் பாதி. ஆகவே கட்டிலின் உருவத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் வரைந்து வைத்து, அந்தக் கோட்டுக்குள் பொருள் எதுவும் இல்லாமல் சில நாள் வாழ்ந்து பார்த்த பிறகு தச்சரிடம் முன்பணம் கொடுங்கள்.

பக்கவாட்டில் கவிழும் வகை ஒன்றும் உண்டு. அது சுவரில் ஏழடி நீளத்தை எடுத்துக்கொள்ளும், ஆனால் ஐந்தடி அளவே முன்னுக்கு நீளும். அலமாரியும் தோளுயரத்துக்குள் முடிந்துவிடுவதால் அதன் மேற்பலகையில் துணிச்சுருள்களை அடுக்கலாம். நம்முடைய ஒடுங்கி நீண்ட வீடுகளில் சுவர் நீளத்துக்குப் பஞ்சமில்லை, அகலத்துக்குத்தான் பஞ்சம் என்பதால் நான் இந்த வகையையே பரிந்துரைப்பேன். சுவரோரம் படுப்பவர் இரவில் எழ நேர்ந்தால் மற்றவரைத் தாண்டித்தான் வரவேண்டும். யார் உள்ளே, யார் வெளியே என்பதை நீங்களே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

இனிச் சுவர். கட்டில் பாதி இறங்கிய நிலையில் அதன் எடை முன்னே தொங்குகிறது. கால்கள் இன்னும் தரையைத் தொட்டிருக்காது. அந்தக் கணத்தில் அலமாரி முழுவதும் முன்னோக்கிச் சாய முயலும். அதைப் பிடித்து நிறுத்துவன மேல்விளிம்பில் சுவருக்குள் இறக்கப்பட்ட போல்ட்டுகள் மட்டுமே. ஹால் வகை வீடுகளில் குடியேறிய பிறகு நாம் அடித்துக்கொள்ளும் பிளைவுட் தடுப்புகள் இந்த இழுப்பைத் தாங்கா. வீட்டின் இருபக்கச் செங்கல் சுவர்களில், அதிலும் சுவரிலிருந்து சற்றுத் துருத்திக்கொண்டிருக்கும் கான்கிரீட் தூணிலோ மேலே ஓடும் உத்தரத்திலோ பொருத்துவதே உறுதியானது. செங்கல்லில்தான் பொருத்த வேண்டியிருந்தால், துளை செங்கல்லின் நடுவில் விழ வேண்டும். இரண்டு கற்களுக்கு இடையிலுள்ள சாந்தில் விழக்கூடாது. மேற்பூச்சு அரை அங்குலமோ அதற்கு மேலோ இருக்கும். அதைக் கணக்கில் சேர்க்காமல், கல்லுக்குள் குறைந்தது இரண்டு அங்குலமாவது போல்ட் இறங்க வேண்டும். தச்சர் துளையிடும்போது வெளிவரும் தூளைப் பாருங்கள்: சிவப்பாக வந்தால் கல், சாம்பல் நிறமாகவே வந்துகொண்டிருந்தால் அவர் சாந்தில் துளையிடுகிறார்.

இதை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நிலநடுக்கம் உண்டாக்கும் சகாயிங் நிலப்பிளவு இந்த நாட்டின் நடுவே வடக்கிலிருந்து தெற்காக ஓடுகிறது. 1930 மே மாதத்தில் பெகுவைத் தரைமட்டமாக்கியதும், 2025 மார்ச் 28 அன்று மாண்டலேயையும் சகாயிங்கையும் 7.7 அளவில் உலுக்கியதும் அந்தப் பிளவின் அசைவுதான். ஆளுயரத்துக்கு மேற்பட்ட அலமாரி எதுவாயினும், அதற்குள் கட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சுவரோடு பிணைக்கப்படாமல் இந்த நாட்டில் நிற்கக்கூடாது என்பது என் கருத்து.

கொசுவலையை இந்தக் கட்டில் விற்பவர்கள் எவரும் நினைத்துப் பார்ப்பதில்லை. மழைக்காலத்தில் கொசு பெருகும் ஊரில் வலையில்லாத படுக்கை எதற்கு உதவும்? வலையின் இரண்டு மூலைகளை அலமாரியின் மேல்விளிம்பிலும், மற்ற இரண்டை எதிர்ப்புறக் கூரையிலும் கொக்கி அடித்து மாட்டலாம். கட்டில் மேலேறி இறங்கும் பாதையில் கயிறு குறுக்கிடாதபடி, காலையில் வலையைச் சுருட்டி அலமாரியின் தலைமேல் போட்டுவிட வேண்டும். நிமிர்ந்து நிற்கும் வகையில் தலைமாடு எப்போதும் அலமாரிப் பக்கமே அமைவதால், வடக்கே தலை வைக்கக்கூடாது என்று கருதும் குடும்பங்கள் வடக்குச் சுவரைத் தவிர்த்துவிடுங்கள். கட்டி முடித்த பிறகு மாமியார் வந்து சொன்னால் மாற்ற வழியில்லை.

கேள்வி: கடைக்காரர் "கேஸ் வைத்த கட்டில்" என்று காட்டுகிறார். சமையல் கேஸ் போல இது வெடிக்குமா? தீர்ந்தால் நிரப்ப வேண்டுமா? மின்சாரம் இல்லாதபோது வேலை செய்யுமா? (வாசகி, பெகு)

பதில்: கட்டிலின் இருபுறமும் உள்ள உருளைகளுக்குள் அடைக்கப்பட்டிருப்பது அழுத்தமேற்றிய நைட்ரஜன். அது தீப்பற்றாது, நிரப்பவும் வேண்டியதில்லை, மின்சாரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. வேனின் பின்கதவைத் தூக்கிப் பிடித்திருக்கும் அதே உருளைதான் இங்கே கட்டிலின் எடையைத் தாங்குகிறது. அதைத் துளைப்பதும் நெருப்பில் போடுவதும் மட்டுமே ஆபத்து. ஆண்டுகள் செல்லச் செல்ல அழுத்தம் மெல்லக் குறையும். கட்டிலைத் தூக்குவது வரவர கனமாகத் தோன்றினால் இரண்டு உருளைகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் கட்டில் கோணிக்கொண்டு இறங்கும்.

உருளையின் மேல் நியூட்டன் அளவில் ஓர் எண் அச்சிட்டிருக்கும். கட்டில் சட்டமும் மெத்தையும் சேர்ந்த எடைக்குப் பொருத்தமான எண்ணைத்தான் வாங்க வேண்டும். மெத்தை போடுவதற்கு முன்னால் கட்டிலை இறக்கி, "லேசாக இருக்கிறதே" என்று கையை விடுபவர்கள் உண்டு. எதிர்க்கும் எடை இல்லாததால் கட்டில் விருட்டென்று மேலெழுந்து முகத்தில் அடிக்கும். மின்மோட்டாரில் இறங்கும் வகையும் விற்பனைக்கு வருகிறது. நம் ஊரில் மின்சாரம் வரும் அழகுக்கு அதை வாங்க வேண்டாம்.

கேள்வி: இந்தக் கட்டிலை முதலில் கண்டுபிடித்தவர் யார்? (மாணவர், இன்செயின்)

பதில்: அமெரிக்காவில் இதை "மர்ஃபி கட்டில்" என்றே அழைக்கிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒற்றை அறையில் குடியிருந்த வில்லியம் லாரன்ஸ் மர்ஃபி என்பவர், கதவுக்குப் பின்னே நிமிர்ந்து மறையும் கட்டிலைச் செய்து விற்றார். தாம் விரும்பிய பாடகியை, படுக்கை கண்ணில் படாத ஓர் அறைக்கு அழைக்க விரும்பியே இதைச் செய்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. அந்தப் பெயர் எல்லோரும் வழங்கும் பொதுச்சொல்லாகிவிட்டது என்று 1989இல் அங்குள்ள நீதிமன்றம் ஒன்று தீர்ப்பும் சொன்னது.

ஆனால் அலமாரிக்குள் மடங்கும் கட்டிலுக்கு அவருக்கு முன்பே காப்புரிமை பெற்றவர் ஒரு பெண். சிகாகோவில் மரச்சாமான் கடை நடத்திய சாரா கூட் என்பவர் 1885 ஜூலை 14 அன்று அதைப் பெற்றார். அவருடைய கட்டில் மடங்கியதும் எழுதுமேசையாக மாறும்; தாள்கள் வைப்பதற்கான சிற்றறைகளும் அதில் இருந்தன. அவருடைய வாடிக்கையாளர்கள் நம்மைப் போலவே ஒடுங்கிய அடுக்ககங்களில் வாழ்ந்த எளிய மக்கள். எனக்கு மர்ஃபியின் கட்டிலைவிட இதுவே சிறந்த யோசனையாகத் தோன்றுகிறது, ஏனெனில் பகலில் அந்தப் பொருள் சும்மா நிற்பதில்லை.

கேள்வி: என் தகப்பனார் காலத்துத் தேக்குப் பலகைகள் ஓர் அங்குலத் தடிமனில் வீட்டில் கிடக்கின்றன. அவற்றைக் கொண்டே மடக்குக் கட்டில் செய்யச் சொல்கிறேன். தச்சர் பிளைவுட்தான் வேண்டும் என்கிறார். தேக்கைவிடப் பிளைவுட் உயர்ந்ததா? (வாசகர், மோல்மீன்)

பதில்: உயர்வு தாழ்வைப் பற்றிய பேச்சே இங்கே இல்லை, தச்சர் எடையைப் பார்க்கிறார், அவர் சொல்வது சரி. நாலரைக்கு ஆறரை அடிப் பலகையை ஓர் அங்குலத் தேக்கில் செய்தால் அது மட்டுமே ஏறத்தாழ 27 வீசை (சுமார் 44 கிலோ) வரும். அரை அங்குலப் பிளைவுட்டில் செய்தால் 12 வீசைக்குள் முடிந்துவிடும். மெத்தையும் சட்டமும் இதற்கு மேல். அவ்வளவு எடைக்குத் தூக்கும் உருளையும் கீலும் வலுவாக வேண்டும், சுவரின் மேல் இழுப்பும் கூடும், தூக்கி மூட உங்கள் கையும் வலிக்கும்.

தேக்கை வீணாக்க வேண்டாம். அசையாமல் நிற்கும் அலமாரிக் கூட்டுக்கும், கீல் திருகப்படும் சட்டங்களுக்கும் அதைப் பயன்படுத்துங்கள். தேக்கில் திருகாணி பிடிப்பதுபோல் மரத்தூள் அட்டையில் பிடிக்காது. சில ஆண்டுகளில் திருகாணி சுற்றிய இடம் மாவாக உதிர்ந்துவிடும். வெளிறிய நிறத்திலுள்ள ஓரப்பகுதியைச் சீவி நீக்கச் சொல்லுங்கள், கரையான் அங்கேதான் நுழையும். கூட்டின் முதுகுப் பலகையைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு விரல்கடை இடைவெளி விட்டு நிறுத்தி, அந்த இடைவெளியில் போல்ட் வரும் இடங்களில் மட்டும் கட்டை வைத்து இறுக்க வேண்டும். மே முதல் அக்டோபர் வரை மழையில் ஊறும் வெளிச்சுவராக இருந்தால், இந்த இடைவெளி இல்லாத அலமாரியில் பூஞ்சை பிடிப்பது உறுதி. எழுந்த உடனே கட்டிலை மூடாமல், பல் துலக்கிக் காப்பி குடிக்கும்வரை மெத்தையில் காற்றுப்பட விடுங்கள்.

மெத்தையைப் பற்றியும் ஒரு சொல். இலவம்பஞ்சு மெத்தை இதற்கு ஆகாது. பகல் முழுவதும் நிமிர்ந்து நிற்பதால் பஞ்சு கீழே இறங்கி, ஒரு முனை தட்டையாகவும் மறுமுனை மூட்டையாகவும் ஆகிவிடும். ஆறு முதல் எட்டு அங்குல நுரை மெத்தையை இரண்டு பட்டைகளால் சட்டத்தோடு கட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பத்தாம் வகுப்புத் தேர்வெழுதவிருக்கும் மகளுக்கு, அலமாரிக் கதவையே கீழே இறக்கினால் மேசையாகும்படி செய்து தரலாமா? எவ்வளவு எடை தாங்கும்? (வாசகி, தாக்கேத்தா)

பதில்: தாராளமாகச் செய்யலாம். மடக்குக் கட்டிலைக் கேட்டு எழுதும் பல வீடுகளுக்கு உண்மையில் தேவைப்படுவது இந்த மேசைதான் என்றே நினைக்கிறேன். விருந்தாளி வந்தால் பாய் விரித்துப் படுக்க வைக்கலாம். பாயில் குனிந்து உட்கார்ந்து பிள்ளை ஆண்டு முழுவதும் படிப்பது கடினம்.

எடையைப் பொறுத்தவரை, புத்தகங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பிள்ளை இரண்டு முழங்கைகளையும் முன்விளிம்பில் ஊன்றிச் சாய்வாளே, கீலைப் பிடுங்குவது அந்தச் சுமைதான். கதவின் அடிவிளிம்பில் இரண்டு சிறு கீல்களுக்குப் பதிலாக முழுநீளப் பியானோ கீல் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். பலகையைச் சங்கிலியில் தொங்க விடாமல், கூட்டுக்குள்ளிருந்து முன்னே இழுக்கக்கூடிய இரண்டு கட்டைகளின் மேல் அமரவைத்தால் அசைவே இருக்காது. பழைய காலத்து எழுதுமேசைகளில் இந்த அமைப்பைப் பார்த்திருப்பீர்கள். தரையிலிருந்து மேசைப் பரப்பு 29 அங்குலமும், பலகையின் ஆழம் 20 அங்குலமும் இருக்கட்டும்.

மேசையை மூடும்போது அதன் மேலிருப்பவை எங்கே போகும் என்பதையும் முன்கூட்டியே யோசியுங்கள். திறந்த நோட்டு, பேனா, பென்சில் பெட்டி, மின்சாரம் போகும் நேரத்துக்கான சார்ஜ் விளக்கு ஆகியவற்றுக்கு மேசைக்கு நேர் பின்னே, கைக்கெட்டும் தூரத்தில் ஐந்தாறு அங்குல ஆழத்தில் தட்டுகள் வேண்டும். அவை இல்லாவிட்டால் மூடுவதற்கு முன் எல்லாவற்றையும் வேறெங்கோ கொண்டுபோய் வைக்க வேண்டியிருக்கும்; அந்தச் சலிப்பிலேயே மேசை மூடப்படாமல் கிடக்கும். விரல் நசுங்காதபடி, கதவை மெல்ல இறக்கும் டாம்பரைப் பக்கத்துக்கு ஒன்றாகப் பொருத்துவது நல்லது.

கேள்வி: கட்டில் அலமாரியின் பக்கவாட்டுத் தட்டிலேயே பூஜைப் படங்களை வைத்துக்கொள்ளலாமா? (வாசகி, பஸுண்டவுங்)

பதில்: சாஸ்திரம் சொல்பவர்கள் அதைத் தனியாகச் சொல்வார்கள். நான் சொல்வது விளக்கைப் பற்றி: எரியும் திரிக்கும் நுரை மெத்தைக்கும் கொசுவலைக்கும் இடையில் ஒரு பலகை மட்டும் இருப்பது போதாது. படங்களை வேறு சுவருக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: வாடகை வீட்டில் இருக்கிறோம். சுவரில் துளையிட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. (வாசகர், தாமுவே)

பதில்: அப்படியானால் நிமிர்ந்து நிற்கும் கட்டில் உங்களுக்கு வேண்டாம். சுவரில் பிணைக்காமலே நிற்கும் என்று விற்பவர் உறுதி கூறினாலும் ஏற்காதீர்கள். இடுப்பளவு உயரமுள்ள பெட்டிக்குள் மூன்று மடிப்பாக மடங்கி, முன்னே இழுத்து விரிக்கும் கட்டில் ஒன்று உண்டு. அதன் எடை எப்போதும் தாழ்வாகவே இருப்பதால் அது கவிழ்வதில்லை. மடிப்பு மெத்தை அதிகத் தடிமனாக இருக்க முடியாது, ஆகவே முதுகுவலி உள்ளவர்கள் வாங்குவதற்கு முன் கடையிலேயே சற்று நேரம் படுத்துப் பாருங்கள். வீடு மாறும்போது படிக்கட்டில் இறக்க நேரும் என்பதால், பெட்டியைத் திருகாணி கழற்றிப் பிரிக்க முடியுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.