கணக்கில் நாலு, பெட்டியில் எத்தனை? கடற்படை ஸ்டோர்ஸில் 24 ஆண்டுகள்: கேள்வி பதில்

1991 முதல் 2015 வரை இந்தியக் கடற்படையில் மாலுமியாக இருந்தேன். சேரும்போது எங்கள் பிரிவுக்கு ஸ்டோர்ஸ் அசிஸ்டென்ட் என்று பெயர். வெளியே வரும்போது லாஜிஸ்டிக்ஸ் மெட்டீரியல் என்று மாறியிருந்தது. பெயர் மாறினாலும் வேலை ஒன்றுதான்: கப்பலுக்கு எது தேவையோ அது தேவைப்படும் நேரத்தில் கையில் இருக்க வேண்டும். திருமங்கலம் பக்கத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

உசிலம்பட்டி, கல்லூரி மாணவர்: அண்ணே, கடலே இல்லாத நம்ம ஊர்ல இருந்து எப்படிப் போனீங்க? நீச்சல் தெரியுமா?

நான் முதன்முதலில் கடலைப் பார்த்தது ராமேஸ்வரத்தில், தாத்தாவுக்குத் திதி கொடுக்கப் போனபோது. நீச்சல் மட்டும் முன்பே தெரியும். இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி எங்கள் தோட்டத்துக் கிணற்றில் பழகியது. பயிற்சிக்கு ஒடிசாவில் உள்ள ஐ.என்.எஸ். சிலிகா போனேன். சென்னையில் வண்டி மாறி, ஹவுரா பாதையில் பாலுகான் ஸ்டேஷனில் இறங்க வேண்டும். அங்கே உயரத்திலிருந்து நீச்சல் குளத்தில் குதிக்கச் சொன்னபோது நகரத்துப் பையன்கள் பலர் தயங்கி நின்றார்கள். கிணற்றுமேட்டிலிருந்து குதித்து வளர்ந்தவனுக்கு அது சிரமமாக இல்லை. எனக்குச் சிரமமாக இருந்தது இந்திதான். ஆறு மாதத்தில் அதுவும் வந்துவிட்டது. அப்புறம் தொழில் பயிற்சிக்கு மும்பை மலாடில் உள்ள ஐ.என்.எஸ். ஹம்லாவுக்கு அனுப்பினார்கள்.

மதுரை, தெற்குவாசல்: ஸ்டோர் வேலைன்னா துப்பாக்கி பிடிக்காத வேலைதானே?

இல்லை. கப்பலில் ஒவ்வொருவருக்கும் இரண்டு வேலை உண்டு. சாதாரண நாளில் நான் ஸ்டோர்காரன். 'ஆக்‌ஷன் ஸ்டேஷன்' என்று போருக்குத் தயாராகச் சொல்லும் மணி அடித்தால் தீயணைப்பு, வெள்ளத் தடுப்புக் குழுவில் என் இடத்தில் போய் நிற்க வேண்டும். ஓட்டை விழுந்த இடத்தில் மரக்கட்டையும் ஆப்பும் வைத்து அடைப்பதிலிருந்து, குண்டுகளைக் கைமாற்றி மேலே அனுப்புவது வரை எங்கள் பிரிவு ஆட்களும் செய்வார்கள்.

கீழமாசி வீதி, வியாபாரி: ஒரு போர்க்கப்பல்ல எத்தனை சரக்கு இருக்கும்? எப்படிக் கணக்கு வைப்பீங்க?

அண்ணாச்சி, உங்கள் தெருவில்தான் என் அப்பா ஒரு மளிகை மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். எனக்குக் கணக்கு முதலில் வந்தது அங்கேதான். மூட்டையில் குத்தூசி போட்டு அரிசியைக் கையில் கொட்டிப் பார்க்காமல் அப்பா பேரேட்டில் எழுத மாட்டார்.

கப்பலில் சரக்கு பல ஆயிரம் வகை. துடைப்பம், சோப்பிலிருந்து ரேடார் உதிரிபாகம் வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. பெயரை நம்பவே கூடாது, எண்ணைத்தான் நம்ப வேண்டும். 'வாஷர்' என்று கேட்டால் நூறு வகை வாஷர் இருக்கிறது. ஒவ்வொரு அலமாரியிலும் ஒரு பின் கார்டு தொங்கும். வரவு, செலவு, இருப்பு மூன்றும் அதில் ஏற வேண்டும். பிற்பாடு எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. மும்பை, விசாகப்பட்டினம், கொச்சி போன்ற இடங்களில் இருக்கும் மெட்டீரியல் ஆர்கனைசேஷன்தான் மொத்தக் கிடங்கு. கப்பலில் இருந்து அங்கே டிமாண்ட் போடுவோம்.

ஒன்று சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். ரப்பர் சாமான் சும்மா இருந்தாலே கெடும். ஓ-ரிங், ஹோஸ், சீல் எல்லாவற்றுக்கும் ஆயுள் உண்டு. முதலில் வந்ததை முதலில் கொடுக்க வேண்டும். புதுச் சரக்கை முன்னால் அடுக்கிவிட்டால் பழையது பின்னாலேயே கிடந்து வெடிப்பு விழுந்து வீணாகும்.

மதுரை, பொறியியல் மாணவர்: ரஷ்யக் கப்பல்களோட உதிரிபாகங்களை எப்படிச் சமாளிச்சீங்க சார்?

நல்ல கேள்வி. நான் சேர்ந்த 1991-இல்தான் சோவியத் யூனியன் உடைந்தது. அன்றைக்கு நம் கடற்படையின் முக்கியக் கப்பல்களில் பாதிக்கு மேல் அங்கிருந்து வந்தவை, அல்லது அங்கத்திய கருவி பொருத்தியவை. ஒரே நாட்டிலிருந்து வந்த சாமான் திடீரென்று பல நாட்டுச் சாமான் ஆகிவிட்டது. உதாரணத்துக்கு, ராஜ்புத் வகைக் கப்பல்களைக் கட்டிய தளமும், அவற்றின் கேஸ் டர்பைன் செய்த ஆலையும் மிகோலாயிவ் நகரத்தில் இருந்தன. அந்த நகரம் உக்ரைனுக்குப் போய்விட்டது. யாருக்கு எழுதுவது, யார் கையெழுத்துப் போடுவார்கள் என்று தெரியாத நிலை.

அந்த நாளில் கையிருப்பில் இருந்த ஒவ்வொரு பெட்டியும் தங்கம் மாதிரி. உதிரிபாகப் பெட்டியை ரஷ்ய மொழியில் 'ஜிப்' என்பார்கள். கருவியோடு வரும் கையேட்டுக்குப் பெயர் 'பாஸ்போர்ட்'. நான் ராத்திரியில் உட்கார்ந்து அந்த எழுத்துகளைக் கற்றுக்கொண்டேன். ஆங்கில எச் போல இருப்பது அங்கே 'ந', பி போல இருப்பது 'ர', சி போல இருப்பது 'ஸ'. இரண்டு வாரத்தில் பெட்டி மேல் இருப்பதைக் கூட்டிப் படிக்க முடிந்தது. அர்த்தம் தெரியாவிட்டாலும் தவறான பெட்டியை எடுத்துக் கொடுக்கவில்லை. என் பணிக்காலத்தில் நான் பெருமைப்படும் காரியங்களில் அதுவும் ஒன்று.

திருமங்கலம், ஆசிரியர்: உங்க வேலையில தப்பு நடந்திருக்கா?

நடந்திருக்கிறது. முழுதாகவே சொல்கிறேன்.

1996. எந்தக் கப்பல் என்று வேண்டாம். வருஷாந்தர இருப்புச் சரிபார்ப்பு, நாங்கள் 'மஸ்டர்' என்போம். ஒரு பம்ப்பில் சுழலும் தண்டைச் சுற்றித் தண்ணீர் ஒழுகாமல் அடைக்கும் மெக்கானிகல் சீல், கார்டில் இருப்பு நாலு. பெட்டி ஆலையில் முத்திரை வைத்தது வைத்தபடியே இருந்தது. மேலே எண் சரியாக இருந்தது. திறந்தால் மறுபடி கிரீஸ் தடவி, மெழுகுத்தாள் சுற்றி மூட வேண்டும். மணி இரவு பதினொன்று. திறக்காமல் 'நாலு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று மாதம் கழித்து, கரையிலிருந்து இரண்டு நாள் தூரத்தில், ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் கடல்நீர்ப் பம்ப்பில் சீல் போய்விட்டது. என்ஜின் அறையிலிருந்து ஆள் வந்தார். பெட்டியை உடைத்தோம். உள்ளே இருந்தவை பேரிங்குகள், அதுவும் வேறு அளவு. ஆலையிலேயே மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்கத்தான் மஸ்டர் வைத்திருக்கிறது. நான் கண்டுபிடிக்கவில்லை.

என்ஜின் அறை ஆட்கள் கிளாண்டு பேக்கிங் என்னும் கயிறு போன்ற அடைப்பை வெட்டி வைத்து எப்படியோ ஒழுக்கைக் குறைத்தார்கள். ஐம்பது டிகிரிக்குக் குறையாத வெக்கையில், முழங்கால் தண்ணீரில், பத்து மணி நேரம். கப்பல் பயிற்சியை விட்டுவிட்டுத் துறைமுகம் திரும்பியது. எனக்கு எழுத்தில் கண்டிப்பு வந்தது, அது நியாயம்தான். ஆனால் எனக்கு உறைத்தது வேறு. என்ஜின் அறைப் பெரியவர், தூத்துக்குடிக்காரர், மேலே ஏறி வந்து கையைத் துடைத்துக்கொண்டே, "தம்பி, நீ எழுதுன நாலை நம்பித்தான்டே நான் கடலுக்கு வந்தேன்" என்றார். சத்தம் போடவில்லை. சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

அப்பாவின் குத்தூசி எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அதற்குப் பிறகு 19 வருஷம், திறக்காமல் எந்தப் பெட்டிக்கும் கையெழுத்துப் போட்டதில்லை.

மேலூர், ஒரு தாய்: மகன் போகணும்னு நிக்கிறான். சாப்பாடு எப்படிங்க இருக்கும்?

கவலைப்படாதீங்கம்மா, வயிறு நிறையக் கிடைக்கும். கப்பலிலேயே ரொட்டி சுடுவார்கள். கடல்நீரிலிருந்து குடிநீர் எடுக்கும் இயந்திரம் இருக்கிறது, ஆனாலும் தண்ணீரை அளந்துதான் செலவு செய்ய வேண்டும். கரையை விட்டதும் முதலில் தீர்வது கீரை, அப்புறம் தக்காளி. கடைசிவரை கூட வருவது பூசணி, உருளை, வெங்காயம். உருளையையும் வெங்காயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க மாட்டோம், சீக்கிரம் கெடும். முதல் சில நாள் குமட்டல் இருக்கும். பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும்.

பேரையூர், பள்ளி மாணவர்: நடுக்கடல்ல டீசல் தீர்ந்தா?

தீர விடமாட்டோம். டேங்கர் கப்பல் கூடவே வரும். ஐ.என்.எஸ். ஜோதி, தீபக், சக்தி எல்லாம் அந்த வகை. இரண்டு கப்பலும் 30 முதல் 50 மீட்டர் இடைவெளியில், ஒரே திசையில், ஒரே வேகத்தில் போகும். ஏறக்குறைய 12 நாட், அதாவது மணிக்கு 22 கிலோமீட்டர். துப்பாக்கியால் மெல்லிய கயிற்றை அந்தப் பக்கம் சுடுவார்கள். அதில் கட்டிப் பருத்த கயிறு, அதைப் பிடித்துக் கம்பி வடம், கடைசியில் ஹோஸ். இரண்டு கப்பலுக்கும் நடுவில் தண்ணீர் வேகமாக ஓடுவதால் ஒன்றையொன்று இழுக்கப் பார்க்கும். சுக்கான் பிடிப்பவர் கண் இமைக்க முடியாது. அதே நேரத்தில் இன்னொரு வடத்தில் அரிசி மூட்டையும் உதிரிபாகமும் வரும். தளத்தில் வரிசையாக நின்று கைமாற்றி இறக்குவோம். ஒரு மூட்டை கடலில் விழுந்தாலும் கணக்கு எழுத வேண்டும்.

அலங்காநல்லூர்: மறக்க முடியாத நாள் எது ஐயா?

2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள். அப்போது விசாகப்பட்டினத்தில் கிடங்கில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் வீட்டில். செய்தி வந்ததும் யாரும் கூப்பிடும்வரை காத்திருக்கவில்லை. கடற்படை ஒரே நேரத்தில் தமிழ்நாடு, ஆந்திரக் கரை, அந்தமான், இலங்கை, மாலத்தீவு, இந்தோனேசியா என்று எல்லாப் பக்கமும் போக வேண்டியிருந்தது. கடலை அளக்கும் சர்வே கப்பலான ஐ.என்.எஸ். நிருபக்கை மருத்துவமனைக் கப்பலாக மாற்றி இந்தோனேசியாவுக்கு அனுப்பினார்கள்.

நாங்கள் ஏற்றியது தண்ணீர், பால்பவுடர், குளோரின் மாத்திரை, தார்ப்பாய், பிணங்களைச் சுற்றும் துணி. அந்தத் துணிக்கான டிமாண்டில் எண்ணிக்கைக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். இருப்பதையெல்லாம் கொடு என்று அர்த்தம். நாகப்பட்டினத்திலும் வேளாங்கண்ணியிலும் என்ன நடந்தது என்று அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது. மூன்று நாள் வீட்டுக்குப் போகவில்லை. அப்போதும் கார்டு எழுதினோம். அடுத்த கப்பலுக்கு என்ன மிச்சம் இருக்கிறது என்று தெரிய வேண்டுமே.

வாடிப்பட்டி, பிளஸ் டூ மாணவி: இப்ப அக்னிவீர் மூலமா பெண்களும் மாலுமி ஆகலாமா அண்ணா?

ஆகலாம் தங்கச்சி. 2023 மார்ச்சில் சிலிகாவில் பயிற்சி முடித்த முதல் அணியில் சுமார் 2,600 பேர். அதில் 270-க்கு மேல் பெண்கள். தேர்வுத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும். கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் படித்துப் பழகிக்கொள்.

சேரும் முன் வீட்டில் ஒன்றைத் தெளிவாகப் பேசிவிடுங்கள். நான்கு வருஷ வேலை. அதன்பிறகு அதிகபட்சம் நான்கில் ஒருவருக்குத்தான் தொடர வாய்ப்பு. வெளியே வருபவர்களுக்குச் சேவா நிதி கிடைக்கும், வட்டி இல்லாமல் சுமார் 10 லட்சம். பென்ஷன் கிடையாது. எங்கள் காலத்தில் 15 வருஷம் முடித்தால் பென்ஷன். இரண்டும் வேறு வேறு என்று தெரிந்தே போக வேண்டும்.

செக்கானூரணி: என் மாமா கடற்படை பென்ஷனர். அத்தைக்கு ஒன்றும் தெரியாது. என்ன பார்த்து வைக்கணும்?

இன்றைக்கே பாருங்கள். பென்ஷன் உத்தரவில் அத்தையின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் இருப்பது போலவே இருக்கிறதா? ஒரு எழுத்து மாறியிருந்தாலும் மாமா இருக்கும்போதே ஸ்பர்ஷ் என்னும் ராணுவ பென்ஷன் இணையதளத்தில் திருத்த வேண்டும். ஆயுள் சான்றை வருஷம் தவறாமல் கொடுக்க வேண்டும். அத்தைக்கு இ.சி.எச்.எஸ். என்னும் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்ட அட்டை தனியாக எடுத்து வையுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். கணவர் போன பிறகு ஒரு எழுத்துக்காக மாதக்கணக்கில் அலைந்த பெண்களை நான் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். அந்த நிலை உங்கள் அத்தைக்கு வேண்டாம்.

சோழவந்தான், பத்தாம் வகுப்பு மாணவர்: எங்க சித்தப்பா பெட்டிக்கடை வச்சிருக்கார். நான் இப்பவே என்ன பழகலாம் மாமா?

கடையே போதும் மருமகனே. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கு. ஒரு சரக்குக்கு ஒரு பக்கம். தீப்பெட்டி, சோப்பு, பிஸ்கட் என்று பத்து வகையில் ஆரம்பி. வந்தது, விற்றது, மிச்சம், மூன்று கோடு போட்டுக்கொள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நோட்டை மூடி வைத்துவிட்டு அலமாரியைக் கையால் எண்ணு. எண்ணி முடித்த பிறகுதான் நோட்டைத் திறக்க வேண்டும். அட்டைப் பெட்டியில் இருப்பதைப் பெட்டியோடு எண்ணாதே, பிரித்து எண்ணு. வித்தியாசம் வந்தால் சித்தப்பாவிடம் மறைக்காமல் காட்டு. நாலு வாரம் செய்துவிட்டு, எந்தச் சரக்கில் அடிக்கடி வித்தியாசம் வருகிறது என்று எனக்கு எழுது.